துயரத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்

சொற்களின் பிறப்பை ஆராய்வது இன்பமான பணி. வழுக்கு நிலத்தில் நடப்பதைப் போன்ற பணியுமாகும். ஓசை ஒத்திருந்தால் உறவும் உண்டு என்று துணிந்துவிடுவது நம்மில் பலர்க்கு இயல்பு. அவ்வாறு துணிந்து யானே தவறிய கதையை முன்வைத்து, அயர்லாந்து நாட்டுச் சொல்லொன்றின் வரலாற்றை ஈண்டு விளக்கக் கருதுகிறேன்.

யான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், அயர்லாந்தில் பிறந்த முதியவர் ஒருவர் எங்கட்கு ஆங்கிலம் கற்பித்தார். வகுப்புக்குக் காலந்தாழ்ந்து வந்தால், தம் தாய்மொழியில் 'தா ப்ரோன் ஒரம்' என்பார். 'மன்னிக்க வேண்டும்' என்பது அதன் கருத்து. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், 'என்மேல் துயரம் இருக்கிறது' என்றாகும். 'ப்ரோன்' என்பதே துயரத்தைக் குறிக்கும் சொல். அதன் முதலெழுத்தைப் 'பாக்கியம்' என்னும் சொல்லின் முதலெழுத்தைப்போல் ஒலித்தல் வேண்டும்.

பல்லாண்டு கழித்து, இளம் ஆசிரியர் கூட்டமொன்றில் இச்சொல்லை எடுத்துக்காட்டினேன். "வடமொழியில் புண்ணைக் குறிக்கும் விரணமே அயர்லாந்தில் ப்ரோன் ஆயிற்று, உடற்புண் மனப்புண் ஆயிற்று" என்று முழங்கினேன். கேட்டோர் மகிழ்ந்தனர். வீடு திரும்பி நூல்களைப் புரட்டிய பின்னரே, யான் கூறியது பிழை என்று கண்டேன். பிழை யாது?

ஐரிஷும் வடமொழியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மையே. ஆயினும், உறவு மொழிகளில் ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை, ஒழுங்குடன் மாறுகின்றன. சொல்லின் முதலில் வடமொழி 'வ' நிற்குமிடத்தில் ஐரிஷ் மொழியில் 'ஃப' நிற்கும். வடமொழியில் 'வீர' என்பதற்கும் இலத்தீனில் 'விர்' என்பதற்கும் இனமான ஐரிஷ் சொல் 'ஃபர்' என்பது. ஆண்மகன் என்று பொருள். எனவே, விரணத்திற்கு இனமான சொல் ஐரிஷில் இருக்குமாயின், அது 'ஃப' என்று தொடங்கியிருத்தல் வேண்டும். ப்ரோன் அவ்வாறு தொடங்கவில்லை. ஆகவே, அவ்வுறவு பொய்த்தது.

அங்ஙனமாயின், ஐரிஷ் மொழியின் 'ப' எங்கிருந்து வந்தது? பசுவை வடமொழியார் 'கோ' என்பர். ஆங்கிலேயர் 'கவ்' என்பர். ஐரிஷார் 'போ' என்பர். உயிருள்ளதை வடமொழி 'ஜீவ' என்னும். ஐரிஷ் 'பியோ' என்னும். மூலமொழியில் இதழ்குவித்து ஒலித்த ககரம் ஒன்று இருந்தது. அதுவே ஒருபால் க, ஜ என்றும், ஐரிஷ் முதலிய கெல்ட்டிய மொழிகளில் ப என்றும் திரிந்தது. ப்ரோன் என்பதன் முதலெழுத்தும் அத்தகையதே என்பர் அறிஞர்.

வேல்ஸ் நாட்டு மொழியில் துயரத்திற்கு 'ப்ருயின்' என்றொரு சொல் உண்டு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் தாயான பழங்கெல்ட்டியச் சொல் 'ப்ருக்னொஸ்' என்று அறிஞர் மீட்டுரைத்துள்ளனர். நகரத்தின் முன் நின்ற ககரம் மறைய, அதற்கு ஈடாக உயிர் நீண்டு ப்ரோன் ஆயிற்று. இது தனித்த நிகழ்ச்சியன்று. மூக்கைக் குறிக்கும் ஐரிஷ் 'ஸ்ரோன்', வேல்ஸ் 'ஃப்ரொய்ன்' ஆகியவையும் இதே வழியில் பிறந்தவை. ஒரு விதி பல சொற்களில் செல்லுபடியாகும்போதே அதனை விதி என்கிறோம்.

இனி வேர்ப்பொருளைக் காண்போம். பல்லால் கடித்தல், கொறித்தல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து ப்ரோன் பிறந்தது என்பது அறிஞர் முன்வைக்கும் விளக்கம். பல்லைக் கடித்தலைக் குறிக்கும் கிரேக்க 'ப்ரூகோ', கொறித்தலைக் குறிக்கும் லித்துவேனிய 'கிராவ்ஷ்தி' ஆகியவை அவ்வேரின் பிற கிளைகள். கிரேக்கத்தில் ப, லித்துவேனியத்தில் க என நிற்பது மேற்கூறிய விதிக்கு இசைந்ததே.

கடித்தல் துயரமாவது எங்ஙனம்? தமிழர்க்கு இது வியப்பாகாது. 'கவலை மனத்தை அரிக்கிறது' என்று நாமும் சொல்கிறோமன்றோ? செய்த பிழைக்கு வருந்துதலைக் குறிக்கும் ஆங்கில 'ரிமோர்ஸ்' என்பதும், 'மீண்டும் கடித்தல்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. இதனால் தமிழும் ஐரிஷும் ஒரு குடும்பம் என்று கொள்ளற்க. துன்பத்தை உணரும் மனித நெஞ்சம் ஒன்றே என்பதைத்தான் இவ்வொற்றுமை காட்டுகிறது.

மற்றொரு பொறியும் உண்டு. ஐரிஷில் திரிகைக்கல் 'ப்ரோ' எனப்படும். அதன் ஆறாம் வேற்றுமை வடிவம் 'ப்ரோன்'. 'துயரம் நெஞ்சைத் திரிகைபோல் அரைப்பதால் அப்பெயர் பெற்றது' என்று சொல்ல நா எழும். ஆனால், திரிகைக்கல்லின் பெயர் வடமொழி 'கிராவன்' என்பதற்கு இனமானது, வேறு வேரினது. உருவம் ஒன்றாயினும் குலம் வேறு.

சொற்றொடரின் அமைப்பும் நோக்கத்தக்கது. ஐரிஷார் பசி, தாகம், அச்சம், மகிழ்ச்சி அனைத்தையும் 'என்மேல் இருக்கிறது' என்றே கூறுவர். நாமோ 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று நான்காம் வேற்றுமையால் கூறுகிறோம். உருபு வேறு, எனினும், உணர்ச்சியைத் தானாக வந்து சேர்வதாகக் கருதும் நோக்கு இரண்டிலும் உண்டு. மாணவர்க்கு வேற்றுமை கற்பிக்கும்போது இவ்வொப்பீடு பயன்படும்.

இவ்வாராய்ச்சிக்கு வழிவகுத்தவர் யார்? கெல்ட்டிய மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்கு அடித்தளமிட்ட சாய்ஸ் என்னும் ஜெர்மானியர் தம் நூலை 1853இல் வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கால்டுவெல் வெளியிட்டார். அவர் 1814இல் பிறந்த இடம் அயர்லாந்து என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது. ஒலியொப்புமை போதாது, ஒழுங்கு வேண்டும் என்னும் பாடத்தைத் தமிழ் ஆராய்ச்சியும் அக்காலத்திலேயே பெற்றது.

ஆசிரிய அன்பர்களே! வகுப்பில் நாம் சொல்லும் ஒரு சொல்வரலாறு, மாணவன் உள்ளத்தில் வாழ்நாள் முழுதும் நிற்கும். உண்மையும் நிற்கும், பொய்யும் நிற்கும். தமிழின் பெருமைக்கு நம் கற்பனை தேவையில்லை; அதனை ஐயுறுவோர்க்குக் கருவியாகவே அக்கற்பனை பயன்படும். அடுத்த கூட்டத்தில் யான் முதலில் எழுந்து, என் விரணக் கதை தவறு என்று கூறி, 'தா ப்ரோன் ஒரம்' என்றேன். அன்று அச்சொல்லின் கடியை யானும் சிறிது உணர்ந்தேன்.