இறுக்கினால் நிற்காத தண்ணீர்

வேனுக்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த பலகையை விரலால் அழுத்திப் பார்த்தேன். டீயில் நனைத்த ரொட்டி மாதிரி உள்ளே போனது. அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திருவிழா.

நாலு நாளுக்குள் இதைச் சரிசெய்ய முடியாவிட்டால் அம்மாவைக் கூட்டிப் போக முடியாது. அம்மாவுக்கு வயது 79.

பணி ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, பின்னால் படுக்கை, சின்ன கேஸ் அடுப்பு, குழாய், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டேன். லுமுட், கேமரன் மலை என்று சுற்றத்தான் ஆசை. ஆனால் அந்த வேன் அதிகம் போனது சுங்கை சிப்புட் பக்கம் அம்மா பால் வெட்டிய தோட்டத்துக்குத்தான்.

இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயத்து வீடுகளை இடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில் மட்டும்தான். வருடத்துக்கு ஒரு முறை ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன சனங்கள் அங்கே கூடுகிறார்கள். வருகிறவர்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணீர் கலக்கக்கூட அங்கே வீடு கிடையாது. போன வருடம் எங்கள் வேன்தான் அந்த வேலையைச் செய்தது. "இந்த ஒரு நாளைக்கு நம்ம லயம் இதுதான்யா" என்றார் அம்மா.

முதலில் செய்த தப்பு

தண்ணீர் ஒழுகினால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்பானரை எடுத்து இறுக்கினேன். சொட்டு குறைந்ததுபோல் இருந்தது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். பிளாஸ்டிக் நட்டு 'டக்'கென்று வெடித்தது.

ஒரு பட்டறைக்குப் போன் செய்தேன். அலமாரியோடு எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் திருவிழா முடிந்துவிடும்.

கடைசியில் தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் மச்சானை அழைத்தேன். முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"மச்சான், ஸ்பானரைக் கீழ வைங்க. தண்ணி விழுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. மொதல்ல எல்லாத்தையும் காயத் துடைச்சிட்டு, எங்கிருந்து வருதுன்னு பாருங்க."

மூன்று சோதனைகள்

அவர் சொல்லிக்கொடுத்ததை வாசகர்களுக்கும் சொல்கிறேன். வேனுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உதவும்.

தொட்டிக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் துணியால் காயத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைச் சுற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் சோதனை: அடைப்பானைப் போட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துப் பத்து நிமிடம் விட வேண்டும். அப்போதே காகிதம் நனைந்தால், கோளாறு தொட்டியின் வாயில், அதாவது சல்லடைக் கிண்ணம் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது: அடைப்பானை எடுத்துத் தண்ணீரை ஒரேயடியாக ஓட விட வேண்டும். ஓடும்போது மட்டும் நனைந்தால், கோளாறு கீழே உள்ள குழாய் இணைப்புகளில்.

மூன்றாவது வேனுக்கே உரியது. நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் ஒழுகினால், அடியில் உள்ள கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, மேடு பள்ளத்தில் தண்ணீர் மேலே ஏறி வருகிறது என்று அர்த்தம். அதைக் காலி செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எனக்கு முதல் சோதனையிலேயே காகிதம் நனைந்தது. இரண்டாவதிலும் நனைந்தது. இரண்டு இடத்தில் ஓட்டை! நான் இறுக்கி உடைத்த நட்டு, மூன்றாவதாக நானே உண்டாக்கியது.

அம்மாவின் விரல்

சல்லடைக் கிண்ணத்தைக் கழற்றியதும் அடியில் இருந்த கறுப்பு ரப்பர் வளையம் கையோடு வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழுவித் திரும்பப் போடலாம் என்று மேசையில் வைத்தேன்.

அம்மா அதை எடுத்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மடக்கினார். மடக்கிய இடத்தில் மெல்லிய கீறல்கள் வாய் திறந்தன.

"இது செத்த ரப்பரு. நசுக்குனா திரும்ப எழும்பணும்யா. எழும்பாட்டி எவ்வளவு இறுக்குனாலும் தண்ணி நிக்காது."

விடியற்காலை பெரட்டுக்கு நின்று, உளியோடு நிரைக்குப் போய், மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து, மறுநாள் ஒட்டுப்பால் பொறுக்கிய கை அது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய எனக்குத் தெரியாதது அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா சொன்னதுதான் விஷயம். வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதியாகி, இழுத்தாலும் அமுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்று கண்டுபிடித்தார். தண்ணீரைத் தடுப்பது இந்தத் திரும்பும் குணம்தான். அமுங்கிய வளையம் எழும்பப் பார்க்கும்போதுதான் இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் அடைக்கிறது. வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் அந்தக் குணம் போய்விடும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி இளகும். வெயிலில் பூட்டி வைத்த வேனின் சூடு அதைச் சீக்கிரம் கிழடாக்கும்.

இருபத்து மூன்று வெள்ளி

வியாழக்கிழமை ஈப்போவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் பழைய வளையத்தையே கொண்டு போனேன். அளவு சொல்லி வாங்குவதைவிடப் பொருளைக் காட்டி வாங்குவதே நல்லது. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கேட்டேன். தவுக்கே எடுத்துத் தந்தார். இரண்டு வளையம், வாஷர்கள், ஒரு நட்டு, வளையும் குழாய் ஒரு துண்டு, இரண்டு கிளிப். மொத்தம் 23 வெள்ளி.

வேலையில் நேரம் பிடித்தது சுத்தம் செய்வதுதான். யாரோ எப்போதோ பூசிய பழைய சிலிக்கோனைத் துளி விடாமல் சுரண்டினேன். பழையதன்மேல் புதியது ஒட்டாது. கிண்ணத்தின் மேல் விளிம்புக்கு அடியில் மெல்லியதாகச் சிலிக்கோன், தொட்டிக்கு அடியில் புது வளையம். நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் கால் சுற்று மட்டும். வளையம் பிதுங்கி வெளியே வந்தால் இறுக்கம் அதிகம். கீழ் இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றவில்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், மறை அல்ல.

வீட்டுக் குழாய் அசையாது. வேன் குழாய் தினமும் ஆடும். முன்பு இருந்தது விறைப்பான குழாய். ஒவ்வொரு குலுக்கலும் நேராக இணைப்பில் போய் இடித்திருக்கிறது. இப்போது வளையும் குழாயைக் கொஞ்சம் தளர்வாக, ஆனால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்காதபடி சரிவாக விட்டு, கிளிப்பால் சுவரில் பிடித்தேன். ஊறிப்போன பலகையை வெட்டி எடுத்து, மின்விசிறியில் காய வைத்துப் புதுத்துண்டு பொருத்தினேன். சிலிக்கோன் காய ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் விட்டேன்.

கோலகங்சார் வரை ஒரு பயணம்

சனிக்கிழமை காலை மூன்று சோதனையும் செய்தேன். காகிதம் காய்ந்தே இருந்தது. ஆனால் நின்ற இடத்தில் பார்த்தால் போதாது என்றார் மச்சான். அம்மாவை ஏற்றிக்கொண்டு, மெனோரா சுரங்கப் பாதையைத் தாண்டிக் கோலகங்சார் போனோம்.

அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877ல் சிங்கப்பூர் வழியாக வந்து கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் தோட்டங்கள் வந்தன. கூடவே நம் தாத்தா பாட்டிமாரும் வந்தார்கள். 1980கள் வரை உலகிலேயே அதிக ரப்பர் தந்தது இந்த நாடு.

வேனை ஓரமாக நிறுத்தி அலமாரியைத் திறந்தேன். காகிதம் காய்ந்திருந்தது. அம்மா சன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தானா நம்ம ஆளுங்கள கப்பலேத்திக் கூட்டியாந்தாங்க?"

நான் பதில் சொல்லவில்லை.

தேத்தண்ணீர்க் குவளைகள்

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செம்பனை நிழலில் வேன் நின்றது. கடைசி இரண்டு மைல் செம்மண் பாதை. வேன் நன்றாகவே குலுங்கியது. பூசை முடிந்ததும் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அம்மாவோடு ஒரே நிரையில் பால் வெட்டிய அக்கா ஒருவர், குவளை கழுவுவது தன் வேலை என்று சொல்லித் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காலத்துல லயத்துக்கே ஒரு பைப்பு. இப்ப பாரு, வண்டிக்குள்ள பைப்பு" என்று சிரித்தார்.

மாலையில் கிளம்புமுன் அம்மா குனிய முடியாமல் குனிந்து, தொட்டிக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். ஈரம் இல்லை.

வேனில் கரண்டி போட்டு வைக்க அம்மா ஒரு பழைய பால் மங்கு வைத்திருக்கிறார். தோட்டத்தை விட்டு வரும்போது எடுத்துவந்தது. வாங்கிய இரண்டு வளையங்களில் மிச்சமான ஒன்று இப்போது அதற்குள் கிடக்கிறது.