ஐம்பாலும் கூழையும்: பண்டைத் தமிழர் கூந்தற் சொற்கள்

மகளிர் தலைமயிருக்கு நிகண்டு நூல்கள் பல பெயர்களைக் கோத்துத் தருகின்றன. கூந்தல், ஓதி, கதுப்பு, குழல், கூழை, அளகம், ஐம்பால் என்று நீளும் அவ்வரிசையை மனனம் செய்த மாணவர், இவையெல்லாம் ஒருபொருட் பன்மொழி என்றே கொண்டு சங்கச் செய்யுட்களுள் புகுகின்றனர். ஓரி, குஞ்சி, பித்தை, பங்கி என்பன ஆடவர்க்கு உரியவாகத் தனியே வகுக்கப்படுதலின், ஆண் பெண் என்னும் வேறுபாடு ஒன்றே அவர்க்குப் புலனாகிறது. எதுகையும் மோனையும் நோக்கிப் புலவர் ஒரு சொல்லை விடுத்து மற்றொன்றை எடுத்தனர் என்பது அவர்தம் முடிபு. பிற்காலச் செய்யுட்களுக்கு அம்முடிபு ஒருவாறு பொருந்தலாம். சங்கப் பாடல்களில், ஒருத்தி சிறுமியோ, மணமகளோ, பிரிவால் வருந்துபவளோ, கணவனை இழந்தவளோ என்பதைக் கூந்தலைப் பற்றிய சொல்லே பலவிடத்தும் உணர்த்தி நிற்கிறது. சொல்லின் வேறுபாட்டை மறந்தால் பாட்டின் செய்தியும் மறைந்துவிடும். இக்கருத்தைச் சில சொற்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஐம்பால் என்பதைக் காண்போம். ஐந்து வகையாக முடிக்கப்படுதலின் இப்பெயர் வந்தது என்பது வழிவழி வரும் விளக்கம். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது ஒரு வரிசை. முடியும் சுருளும் நீங்கி, அளகமும் துஞ்சையும் புகுவது மற்றொரு வரிசை. உச்சியில் முடிதல், பக்கத்தே திரட்டிச் செருகுதல், சுருட்டுதல், பின்னித் தொங்கவிடுதல் என இவற்றிற்குப் பொருளும் கூறுவர். வரிசைகள் தம்முள் மாறுபடுவதே நம்மை ஐயுறச் செய்கிறது. மக்கள் வழக்கில் ஐந்து ஒப்பனைகள் உறுதியாக நின்றிருப்பின், அவை எவை என்பதில் இத்துணை வேறுபாடு தோன்றியிராது. ஐந்து என்னும் தொகை முன்னே நிற்க, அதனை நிரப்பும் வகைகளைப் பின்வந்தோர் தத்தம் காலத்து வழக்கினின்றும் தேடி எடுத்தனர் என்று எண்ண இடமுண்டு.

இவ்வையத்தை வலியுறுத்துவது குறுந்தொகை 229ஆம் செய்யுள். மோதாசனார் பாடிய அப்பாட்டு, பின்னாளில் காதலராகிய இருவர் இளமையில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றி இழுத்துச் சண்டையிட்ட காட்சியைக் கூறுகிறது. செவிலியர் விலக்கவும் ஓயாத பிள்ளைச் சண்டை அது. ஆண்பிள்ளையின் மயிரை ஓரி என்ற புலவர், பெண்பிள்ளையின் மயிரை ஐம்பால் என்கிறார். விளையாட்டுப் பருவத்துச் சிறுமி கொண்டையும் பனிச்சையும் உட்பட ஐவகை ஒப்பனை செய்து நின்றாள் எனல் பொருந்துமா? பொருந்தாது. பால் என்பது பகுப்பு. இலக்கண நூலார் சொற்களை ஆண்பால் முதலிய ஐந்தாகப் பகுத்து ஐம்பால் என்றதும் அப்பொருளிலேயாம். சீவி ஒழுங்கு செய்யும்போது மயிரை ஐந்து பகுதியாக வகிர்ந்துகொள்ளும் வழக்கத்தினின்று இப்பெயர் தோன்றியிருத்தல் கூடும் என்பது நம் கருத்து. சிலப்பதிகாரம் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் ஒப்பனை கூறப்படும் இடத்து, புகையூட்டி உலர்த்திய கூந்தலை வகைவகையாகப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் கத்தூரிக் குழம்பு ஊட்டினள் என்று வருவதும் இங்கு நினையத்தகும். பகுத்தல் முன்னது, முடித்தல் பின்னது. பெயர் முன்னதன் வழி வந்திருக்க, உரைகள் பின்னதன் வழி விளக்கின.

இனிக் கூழை. இச்சொல்லின் அடிப்படைப் பொருள் குறுமை. வாலறுந்த விலங்கையும் கூழை என்கிறோம். ஆதலின் நீண்டு வளராத மயிரே முதலில் கூழை எனப்பட்டது. குறுந்தொகை 113இல் மாதீர்த்தனார் பாடும் தலைவி கூழைக்கு எருமண் கொணரப் பொழிலுக்குச் செல்கிறாள். எருமண் என்பது மயிரின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட களிமண். சீயக்காயும் அரப்பும் அறிந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் தலைக்கு மண் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் நாட்டுப்புறங்களில் அண்மைக் காலம் வரை இருந்ததே. அத்தலைவி இன்னும் மணமாகாதவள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் களவின் தொடக்கத்தில் தலைவியிடம் தோன்றும் குறிப்புக்களைக் கூறுமிடத்துக் ‘கூழை விரித்தல்’ என்றே ஓதினார். கூந்தல் விரித்தல் என்றிலர். அச்சொல்லாட்சியை வாளா கடந்து செல்லுதல் கூடாது.

கூழை என்ற அளவானே இளமை பெறப்படும் என்று விதி வகுத்தலும் ஆகாது. புறநானூறு 61ஆம் பாட்டில் வயலில் உழைக்கும் கடைசியர், கூழையைக் கொண்டையாக முடித்தவராகக் காட்டப்படுகின்றனர். அங்கே சொல் குறிப்பது பருவத்தை அன்று. தொழிலுக்கு இடையூறு ஆகாத குறுமயிரை எனலாம். இன்னும் ஒன்று: ஐம்பால் வரிசையில் அணி செய்யும் ஒப்பனையாக எண்ணப்பட்ட கொண்டை, சேற்றில் இறங்கி நின்ற உழத்தியர் தலையிலேயே நமக்குக் காட்சி தருகிறது.

பருவத்தை உணர்த்தும் செய்தி வேறு இடங்களில் ஐயமறக் கிடைக்கிறது. அகநானூறு 7இல் கயமனார் பாடும் தாய், மகளைக் காவலுக்குள் வைத்தற்குக் காரணமாக அவள் உடலில் தோன்றிய மாற்றங்களை எண்ணுங்கால், தலைமயிர் முடிக்கும் அளவு வளர்ந்துவிட்டதையும் சேர்த்து எண்ணுகிறாள். குறுந்தொகை 337இல் தலைவனும் அதனையே கூறுகிறான். மயிர்க் கற்றை கீழ் நோக்கித் தாழ்ந்து விழுந்தது என்பது அவன் காணும் அடையாளம். தாய்க்கு அச்சம் தந்த அதே வளர்ச்சி தலைவனுக்கு ஆர்வம் தருகிறது.

அழகு பற்றிய கருத்துக்கு வருவோம். பத்துப்பாட்டில் விறலியும் பாடினியும் வருணிக்கப்படும்போது கூந்தலுக்கு அறல் உவமையாகிறது. அறல் என்பது நீர் ஓடி வற்றிய இடத்தில் வரிவரியாகப் படிந்த கருமணல். கருமையும் நெளிவும் ஒருங்கே அமைந்த உவமை இது. கோல் போல் நீண்டு நேராகத் தொங்கும் மயிரை அக்காலத்தார் அழகின் எல்லையாகக் கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும். மயிரின் நெளிவைச் சூடேற்றி நீட்டும் கருவிகள் இன்று கடைதோறும் விற்கப்படுகின்றன. சங்கப் புலவர் அவற்றைக் கண்டிருப்பின், அறலை அழித்து வெறுமணல் ஆக்குவதாகவே கருதியிருப்பர். நரைத்த கூந்தலையும் அவர் அழகு குன்றியதாகப் பாடிற்றிலர். புறநானூறு 277இல் பூங்கணுத்திரையார், போரில் களிறு எறிந்து பட்ட மகனை ஈன்ற முதியவளின் வெண்கூந்தலுக்குக் கொக்கின் தூவியை உவமை கூறினார்.

கூந்தலின் மணம் பற்றிய வழக்கு யாவரும் அறிந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைக் காரணமாக்கி, மணம் இயற்கையோ செயற்கையோ என்று இறைவனும் நக்கீரரும் வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறும். 1965இல் வெளிவந்த திரைப்படம் அதனைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிற்று. வண்டினை நோக்கித் தலைவன் கூறும் நலம் பாராட்டலை ஒரு பொருளாராய்ச்சியாக மாற்றியது அக்கதை. செயற்கை மணத்தை நம் முன்னோர் நன்கறிவர். மாதவி நீராடிய நீரில் பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று இளங்கோவடிகள் எண்ணிக் கூறுகிறார். அதே காப்பியத்தில் கண்ணகியின் பிரிவுத் துயரைக் காட்ட, அவள் கூந்தல் நெய்யணி மறந்தது என ஒரு குறிப்புப் போதுமானதாயிற்று.

மணம், ஒப்பனை என்பவற்றினும் ஆழ்ந்தது உரிமை. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பு நீங்கும் கபிலர், புறநானூறு 113இல், அம்மகளிர்க்குக் கணவராவாரைத் தேடிச் செல்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கூந்தற் கிழவர்’ என்கிறார். கிழமை என்பது உரிமை. கணவன் என்பான் கூந்தலைத் தீண்டும் உரிமை பெற்றவன். அகநானூறு 86இல் பாடப்படும் மணவிழாவில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்ட, நீரொடு சொரிந்த பூவும் நெல்லும் அவள் கதுப்பில் ஒட்டி விளங்குகின்றன. திருமணத்தின் அடையாளம் அங்குக் கூந்தலிலேயே பதிகிறது. இவ்வுரிமை முறையை உள்ளத்துக் கொண்டாலன்றி முல்லைக்கலியின் 115ஆம் பாட்டின் சுவை விளங்காது. ஆயர் மகள் ஒருத்தி, காதலன் சூடியிருந்த முல்லையைத் தன் கூந்தலுள் மறைத்து முடிந்துகொள்கிறாள். தாய் வெண்ணெய் தடவுவதற்காக அவள் மயிரை அவிழ்க்கிறாள். தந்தையும் இருக்க, பூ வெளியே விழுகிறது. தாய் ஒன்றும் வினவினாள் அல்லள். நெருப்பைத் தொட்டவள் போலக் கையை உதறி அகன்றாள். ஒரு பூவுக்கு இத்துணை நடுக்கம் ஏன்? அயலான் ஒருவன் கிழமை கொண்டுவிட்டான் என்பதை அப்பூ சொல்லிற்று.

உரிமை என்று கண்டபின், அவ்வுரிமை அழியும் இடத்தையும் காணாது விடுதல் ஆராய்ச்சி நெறியன்று. கணவனை இழந்த மகளிர் தலைமயிரைக் களையும் வழக்கம் தமிழர்க்குரியதன்று, பிற்காலத்து வடவர் தொடர்பால் வந்தது என்று எழுதுவோர் உளர். தமிழ்ப் பற்றினால் எழுந்த இக்கூற்றைப் பாடல்கள் தாங்கவில்லை. தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடிய புறநானூறு 25ஆம் பாட்டு, பகைவர் மகளிர் கைம்மை எய்திக் கூந்தல் கொய்தலைக் கூறி முடிகிறது. தாயங்கண்ணியாரின் 250ஆம் பாட்டில் தலைவனை இழந்த மனைவி கூந்தல் கொய்து, வளை நீக்கி, அல்லியரிசி உண்பவளாகக் காணப்படுகிறாள். ஆவூர் மூலங்கிழாரின் 261ஆம் பாட்டில் மழித்த தலையே உவமைக்குள் வந்துவிடுகிறது. பொதுமக்கள் அறிந்த வழக்கன்றேல் உவமையாக வாராது.

இங்கும் சொல் வேறுபாடு நோக்கத்தக்கது. கொய்தல் வேறு; மழித்தல் வேறு. கொய்தல் மயிரைக் கத்தரித்தல் அல்லது பறித்தல் அளவில் நிற்பது. சாவுத் துயரத்தில் ஒருமுறை செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். மழித்தல் அடியொடு நீக்குதல். குறள் துறவியர் பொய்வேடத்தைக் கடியும் இடத்தில் ஆள்வதும் இச்சொல்லே. பூதப்பாண்டியன் தேவியார் தீப்புகுமுன் பாடிய 246ஆம் பாட்டு கைம்மை மகளிரின் நெய்யற்ற உணவையும் கல்மேற் படுக்கையையும் விரித்துரைத்தும் தலைமயிர் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆகவே கைம்மை நோன்பு எங்கும் ஒருபடித்தாக இருந்ததென்று நாம் முடிவு செய்தற்கில்லை. வாழ்நாள் முழுவதும் திங்கள்தோறும் மழித்து வந்த பிற்கால வழக்கத்தின் கொடுமையைச் சங்ககாலத்தின் மேல் ஏற்றுதல் எவ்வளவு பிழையோ, அதன் வித்தே இங்கு இல்லை எனல் அவ்வளவு பிழை.

வென்றோர் செயல் இதனினும் கொடிது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம், செங்குட்டுவன் பழையனது காவல் மரமாகிய வேம்பினை வெட்டி, அணி களைந்த மகளிரின் கூந்தலால் கயிறு திரித்து யானைகளைப் பூட்டி இழுப்பித்தான் என்கிறது. இதனைப் புகழாகவே அப்பதிகம் பாடுகிறது. நற்றிணை 270இல் பரணர், நன்னன் திரித்த கூந்தற் கயிற்றைக் கொடுமைக்கு எல்லையாக எடுத்துக் காட்டினார். ஒரே செயல் ஒருவர் வாயில் வெற்றியாகவும், மற்றொருவர் வாயில் பழியாகவும் வருகிறது. கணவனுக்கன்றிப் பிறர்க்குத் தீண்டும் உரிமை இல்லாத ஒன்றைக் கயிறாக்கி யானைக்குப் பூட்டுதல், பகைவன் குடியின் மானத்தை வேரறுத்தல் ஆகும். கிழமை என்ற கருத்தை மறந்தவர்க்கு இது பொருளற்ற விந்தையாகத் தோன்றும்.

பிற்காலத்து மாற்றங்களைச் சுருங்கக் கூறுவோம். நாயக்கர் காலச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் ஒருபுறம் சாய்ந்த பெருங்கொண்டை மிகுதி. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் சாய்ந்த கொண்டை இன்றும் அவள் பெயராலேயே வழங்குகிறது. சொல்லளவில் பெரிதும் மாறியது சடை. பத்தி இலக்கியத்தில் சடை சிவபெருமானுக்கும் தவத்தோர்க்கும் உரியது. எண்ணெயும் சீப்பும் காணாதது. அச்சொல்லே இன்று ராக்கொடியும் குஞ்சலமும் பூட்டி, பூத்தைத்து, மணமகளை அணி செய்யும் பின்னலுக்குப் பெயராயிற்று. பள்ளிச் சிறுமியரின் இரட்டைச் சடை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. போலி மயிரைச் சேர்த்துக்கொள்வதோ புதுமையன்று. பதிற்றுப்பத்து 43ஆம் பாட்டில் வரும் கவரி முச்சி என்பதற்குக் கவரிமாவின் மயிர் சேர்த்து முடித்த கொண்டை எனப் பொருள் கொள்ளலாம். சவரி என்று நாம் வழங்கும் சொல்லும் அவ்விலங்கின் பெயரே.

கத்தரித்த மயிருக்கு மட்டும் தமிழர் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டிலர். ஆடவர் குடுமியைக் களைந்தபோது கிராப்பு என்றனர். மகளிர் மயிரைக் குறைத்தபோது பாப் என்றனர். பெண்கள் ஆண்களைப் போலக் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் ஈ.வெ.ரா. கூறியபோதும் வழங்கிய சொல் அதுவே. கொய்தல் என்னும் சொல் வழக்கிழந்ததன்று. பூவுக்கும் கதிருக்கும் இன்றும் வழங்குகிறது. கூந்தலோடு சேர்ந்தவிடத்து அது கைம்மையைக் குறித்து நின்ற நெடுங்கால வழக்கே, விரும்பிக் குறைத்துக்கொண்ட மயிருக்கு அச்சொல் பொருந்தாமற் போனதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.