அருவியைச் சுருக்க முடியாது

கணினியைத் திணற வைக்கும் சத்தங்களில் குற்றாலத்துப் பேரருவியின் இரைச்சலுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. நாகஸ்வரக்காரர் ஒரு சுரத்தை நிறுத்தி ஊதினால், காற்றின் அதிர்வு ஏறத்தாழ ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும். அடுத்து என்ன வரும் என்பதை, இதற்கு முன் வந்ததை வைத்தே கணித்துவிடலாம். கணிக்க முடிந்ததைச் சுருக்கவும் முடியும். அருவியில் அந்தப் பாச்சா பலிக்காது. விழுகிற தண்ணீர் காற்றைக் குமிழி குமிழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு குமிழியும் தன் அளவுக்கேற்ற சுருதியில் அதிர்கிறது. இதற்கான கணக்கை மின்னார்ட் என்ற விஞ்ஞானி 1933இல் எழுதினார். எண்ணற்ற குமிழிகள், எண்ணற்ற சுருதிகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒத்திசைவு கிடையாது. அந்தக் குழப்பத்தைத்தான் நாம் ‘சோ’வென்று கேட்கிறோம்.

சீசனில் அந்த அருவியைச் செல்போனில் படம் பிடித்தவர், படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும், அதுவும் சுருக்கப்படாத முழுத் தரத்தில் எடுக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுக்கலாம். ஆனால் கையில் வருவது எந்த அருவி என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

வீடியோக் கோப்பு என்பது ஒற்றைப் பொருள் அல்ல. கதம்பத்தில் பூவும் மருக்கொழுந்தும் மாறி மாறித் தொடுக்கப்படுவதுபோல, எம்பி4 கோப்பில் கொஞ்சம் படம், கொஞ்சம் ஒலி, மறுபடி கொஞ்சம் படம் என்று துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையும் அதே கோப்பில் உண்டு. ஒலியைப் பிரிக்கும் மென்பொருள் அந்த அட்டவணையைப் படித்து, ஒலித்துண்டுகளை மட்டும் உருவி வரிசையாகக் கோக்கிறது. 2000ஆம் ஆண்டு ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஒலியில் ஒரு பிட்கூட மாறாது.

சுருக்காத ஒலியின் கணக்கு எளிது. காற்றழுத்தத்தை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இடம், வலம் என இரண்டு தடம். ஆக நொடிக்கு 15,36,000 பிட். நிமிடத்துக்குச் சுமார் 11.5 மெகாபைட். இதற்குப் பிசிஎம் என்று பெயர். 48,000 என்பதும் வசதி பார்த்து எடுத்த எண்தான்: நொடிக்கு 24, 25, 30 படச்சட்டங்கள் என்று எப்படி எடுத்தாலும் மீதியில்லாமல் வகுபடும்.

அப்படியானால் சிடியில் மட்டும் 44,100 என்ற கோணல் எண் ஏன்? எனக்கு இந்தக் கதைமேல் தனிப் பிரியம். சிடி வருவதற்கு முன், இத்தனை எண்களைப் பதிய வசதியான சாதனமாக வீடியோ டேப் ரெக்கார்டர்தான் கிடைத்தது. ஆகவே ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, படம்போல டேப்பில் பதிந்தார்கள். திரையில் ஒரு கோட்டுக்கு 3 அளவு. ஒரு புலத்துக்கு, அதாவது பாதிப் படச்சட்டத்துக்கு, 294 கோடு. நொடிக்கு 50 புலம். பெருக்கினால் 44,100. அமெரிக்க முறையில் 245 கோடு, 60 புலம், விடை மாறவில்லை. வீடியோவிலிருந்து ஒலியை உருவுவது இன்று நேற்று வந்த வேலை இல்லை. சிடியே அப்படித்தான் பிறந்தது.

செல்போன் வீடியோவில் பெரும்பாலும் இருப்பது பிசிஎம் அல்ல, ஏஏசி. 1997இல் தரப்படுத்தப்பட்ட முறை இது. நொடிக்கு 15 லட்சம் பிட் எங்கே, 1,28,000 பிட் எங்கே! பன்னிரண்டில் ஒரு பங்கில் அடங்குகிறது. காது எதைக் கவனிக்காதோ அதைத் தூக்கிப்போட்டுத்தான் இந்தச் சிக்கனம். உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதையொட்டிய அலைவரிசையில் உள்ள மெல்லிய ஒலி காதில் ஏறாது. ஏறாததை எழுதுவானேன் என்பதே இதன் தத்துவம்.

அருவி வந்தால் இந்தத் தத்துவம் இன்னும் துணிகிறது. 1999இல் விரிவாக்கப்பட்ட ஏஏசியில் இரைச்சலுக்கென்றே ஒரு தந்திரம் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் வெறும் இரைச்சல்தான் இருக்கிறது என்று குறியாக்கி (ஒலியைச் சுருக்கும் மென்பொருள்) முடிவுகட்டினால், அந்த ஒலியை அது பதியவே பதியாது. ‘இங்கே இத்தனை வலுவுள்ள இரைச்சல்’ என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதும். நாம் ஓடவிட்டுக் கேட்கும்போது, கருவி தற்போக்கு எண்களை உருட்டி, அந்த வலுவுக்குப் புதிதாக இரைச்சலை உண்டாக்கிக் கொடுக்கும். எல்லாக் குறியாக்கிகளும் இதைக் கையாள்வதில்லை. கையாளும்போது, நம் காதில் விழுகிற சாரலில் ஒரு பகுதி குற்றாலத்திலேயே விழாதது. காதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் தந்திரம் செல்லுபடியாகிறது.

இந்த ஒலியை, பிசிஎம்மைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக மாற்றினால் கோப்பு பன்னிரண்டு மடங்கு பெருக்கும். தரம் இம்மியும் ஏறாது. உருட்டிய எண்களைத்தான் முழுத் தரத்தில் பத்திரப்படுத்துகிறோம். ஐயம் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைமாலைப் படத்தைத் திறந்து பார்க்கலாம். பல சுருக்கிய கோப்புகளில் 16,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கத்தரித்த மாதிரி எல்லாம் நின்றுபோகும். வெறுமனே சேமித்து வைக்க வேண்டுமானால் ஏஏசியை அப்படியே நகலெடுப்பதுதான் உத்தமம். வெட்டி ஒட்டி வேலை செய்ய வேண்டும் என்றால் மட்டும் வேவாக மாற்றலாம். மறுபடி மறுபடி ஏஏசியாக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும்.

உண்மையிலேயே சுருக்காத ஒலி வேறிடத்தில் இருக்கிறது, அதுவும் நாம் பழசு என்று ஒதுக்கிய இடத்தில். குத்துக்கல்வலசை, இலஞ்சி, மேலகரம் பக்கத்து வீட்டு அலமாரிகளில் கல்யாண வீடியோ விசிடியாகக் கிடந்தால், அது ஏற்கெனவே சுருக்கியது: நொடிக்கு 2,24,000 பிட். ஆனால் அதை எடுத்த வீடியோக்காரரிடம் மினி டிவி (Mini DV) டேப் மிச்சமிருந்தால் நிலைமை வேறு. 1995இல் வந்த அந்த டிவி முறை படத்தைச் சுருக்கியது. ஒலியில் கை வைக்கவில்லை. 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ், முழுப் பிசிஎம். (12 பிட், 32,000 ஹெர்ட்ஸ் என்று ஒரு அமைப்பும் அதில் உண்டு, அப்படிப் பதிந்திருந்தால் அந்த அளவுக்குத்தான்.) பின்னால் வந்த கேனான் 5டி மார்க் 2 போன்ற கேமராக்களும் ஒலியைச் சுருக்காமலே பதிந்தன. வீட்டுக்கு வந்த வட்டை விட, ஸ்டுடியோவில் தூசி படிந்த டேப்பில் நாகஸ்வரம் முழுசாக இருக்கிறது.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிந்த டேப் என்றால் இது மிக முக்கியம். ஏஏசி ஒரு கட்டுக்கு 1,024 அளவுகளாக, அதாவது சுமார் 21 மில்லிநொடியாக, ஒலியை எடுத்துச் சுருக்குகிறது. வீசுகோல் நாணில் விழுகிற அடியும் ஜால்ராவின் தெறிப்பும் அதைவிடச் சட்டென்று நிகழ்பவை. சுருக்குவதில் நேரும் பிழை கட்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு முன்பே அதன் கசிவு கேட்டுவிடும். இதைத் தவிர்க்கக் கட்டைக் குறுக்கிக்கொள்ளும் வழி ஏஏசியில் உண்டு. ஆனால் பிட் பஞ்சத்தில் அதுவும் ஓரளவுக்குத்தான் உதவும்.

கொடைப் பாட்டை வேவாக எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கும். வேவ் கோப்பு தன் நீளத்தை 32 பிட் எண்ணில் எழுதுவதால் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 16 பிட் ஒலி என்றால் ஆறேகால் மணி நேரத்துக்குச் சற்று முன்பே இடம் தீர்ந்துவிடும். 24 பிட் என்றால் நாலு மணி நேரம் சொச்சம்தான். விடிய விடியப் பாடுகிற புலவர் அதற்குள் முடிக்க மாட்டார். ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் வகுத்த ஆர்எஃப்64 வடிவத்தில் எடுக்கலாம். இல்லையென்றால் டேப் மாறிய இடங்களிலேயே கோப்பையும் பிரித்துக்கொள்ளலாம்.