மாட்டு வண்டி டயர் காருக்கு ஆகுமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வந்த 'டயர்' சோதனை!

மதுரையில் டயருக்குப் பஞ்சமா? கேட்டால் சிரிப்பார்கள்!

மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை. 1982-ல் தொடங்கிய கம்பெனி. ஸ்கூட்டர், பைக், ஆட்டோ டயர் என்றால் நாடு முழுக்கத் தெரிந்த பெயர். தேய்ந்த பஸ் டயருக்குப் புது ரப்பர் போட்டு மறுபடி ரோட்டுக்கு அனுப்பும் 'ரீட்ரெடிங்' தொழிலிலும் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் மூலம் மதுரைக்குத் தனிப் பெயர் உண்டு.

ஆனால், 1948-ம் வருடத்து எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "இதுக்கு நாலு டயர் மாட்டுங்கண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். டயர்க்கடைக்காரர் தலையைச் சொறிவார்!

காரணம் சைஸ்தான். எம்.ஜி. டி.சி. என்ற அந்தக் கார் 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் தயாரானது. அதன் டயர் 4.50-19. அதாவது அகலம் நாலரை அங்குலம். ரிம்மின் விட்டம் 19 அங்குலம். சைக்கிள் மாதிரி கம்பி போட்ட, ஒல்லியான, உயரமான சக்கரம். இந்த அளவில் இன்று எந்தக் காரும் நம் ஊரில் வருவதில்லை.

19 அங்குலம் - ஆபத்து!

19 அங்குலம் என்றதும் இரண்டு டயர்கள் கண்ணில் படும். ஒன்று புல்லட் மோட்டார் சைக்கிள் டயர். இன்னொன்று மாட்டு வண்டி டயர்! ஆம், நம் வட்டாரத்தில் 'டயர் வண்டி' என்கிறோமே, அதற்கென்றே 6.00-19, 7.00-19, 8.00-19 என்று டயர் தனியாக வருகிறது. 'ஏ.டி.வி.' என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும். மாடு இழுக்கும் வண்டி என்று அர்த்தம்.

"ரிம்முல உக்காந்துடும் சார், ஓட்டிப் பாருங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிம்மில் உட்காரும், உயிரைக் காக்காது. மாடு நடக்கும் வேகத்துக்குச் செய்த டயர், திருச்சி நாலு வழிச் சாலையில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் சூடேறினால் என்ன ஆகும்? பைக் டயரோ, சாய்ந்து திரும்புவதற்காக உருண்டையாகச் செய்தது. கார் சாயாது. பாரமும் வேறு.

ஹெரால்டுக்காரர்கள் கவனிக்க

எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்தத் தலைவலி இல்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரின் பழைய டயர் 5.20-13. அதுவேதான், 1961 முதல் சென்னையில் தயாரான நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும்! இரண்டும் ஒரே குடும்பம். சோழவரம் பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் நடந்த கார் ரேஸ்களில் ஹெரால்டு சீறிப் பாய்ந்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லி மாய்வார்கள்.

எம்.ஜி.ஏ. காருக்கு 5.60-15. அம்பாசடர் டயர் 5.90-15. ரிம் அளவு ஒன்றுதான், டயர் கொஞ்சம் தடிமன். மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ரேடியல் போடலாமா? போடலாம். 5.20-13-க்கு 145 ரேடியலும், 5.60-14-க்கு 155 ரேடியலும் ஏறத்தாழ சரியாக வரும். நாலும் ஒரே ரகமாக இருக்கட்டும். ஒரு அச்சில் ஒன்று பழைய நைலான், ஒன்று ரேடியல் என்று போட்டால் வண்டி பிரேக்கில் இழுத்துக்கொண்டு போகும். 'பார்க்க ஜோரா இருக்கும்' என்று நாலு அங்குல ரிம்மில் 185 டயரை மாட்டுவதும் வேண்டாத வேலை. வளைவில் டயர் மடங்கும்.

பேட்டர்ன் பார்த்து ஏமாறாதீர்கள்

ஷெட்டில் பல வருடம் நின்ற காரின் டயர் புத்தம் புதுசு போலத் தெரியும். மொட்டை டயரைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதைக் கண்டு பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது இதற்குத்தான்! ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விடும். சித்திரை வெயிலில் நம்ம ஊர்த் தார் ரோடு கொதிக்கும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும்.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. மூன்று எண்தான் இருந்தால் 2000-க்கு முந்தியது. கழற்றி எறியுங்கள்!

பிரான்சின் மிஷலின், இத்தாலியின் பிரெல்லி போன்ற கம்பெனிகள் பழைய கார்களுக்கென்றே அந்தக் காலத்து அளவுகளில் இன்றும் புது டயர் செய்கின்றன. ஆனால் 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு லைசென்சு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை விதியும் உண்டு. நாலே நாலு டயருக்காக ஒரு தனி ஆள் இத்தனை காகிதம் எழுத வேண்டுமா? 2021-ல் 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' நம்பர் கொடுத்து கௌரவித்த அரசு, அவை ஓட டயருக்கும் ஒரு வழி செய்திருக்கலாம்.

கம்பிச் சக்கரத்தில் மாட்டும்போது...

கம்பிச் சக்கரத்துக்கு டியூப் கட்டாயம். உள்ளே ஸ்போக் முனைகள் துருத்திக்கொண்டிருந்தால் அரத்தால் ராவி, மேலே ரப்பர் பட்டை சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் சீமைக் கருவேல முள்ளே தேவையில்லை, சக்கரமே பஞ்சர் போடும்! புது டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டையும் உரித்துவிட வேண்டும். அதுகூட டியூப்பை அரிக்கும்.

நடுவில் இருக்கும் ஒற்றைப் பெரிய நட்டை இரும்புச் சுத்தியலால் அடிக்கக் கூடாது; செம்பு அல்லது ஈயச் சுத்தியல். வண்டியின் இடது பக்கத்து நட்டுக்கு வலது மரை, வலது பக்கத்துக்கு இடது மரை. அவசரத்தில் மாற்றிப் போட்டால் ஓட ஓட நட்டு கழன்று, சக்கரம் தனியே போய்விடும்.

மாட்டியதும் மேலூர் வரை நிதானமாக ஒரு ஓட்டம் போய், வண்டியை ஓரம் கட்டி, நாலு நட்டையும் மறுபடி தட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.