கடல்மட்டம் திரைக்கு வரும் வழி: நிகழ்நேர இடைமுகத்துக்கு மென்கருவி தெரிதல்

மாணவர்களே, திருகோணமலையில் கடல்மட்டத்தை இடைவிடாது அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. இங்கு வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடுகூட இல்லை. அப்படியிருக்க ஏன் அளக்க வேண்டும்? 2004 டிசெம்பர் 26 காலை 6.59 இற்கு சுமாத்திராவின் அருகே கடலடி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரையில் ஏறியது. இந்தோனேசியக் கரையின் அளவீடு உரிய நேரத்தில் வந்தால் நமக்குப் பயன். நமது அளவீடு மேற்கே மாலைதீவுக்குப் பயன். ஆகவே ஒரே அளவீட்டை விண்டோஸ், லினக்ஸ், மக் என வெவ்வேறு பணிசெயல் முறைமைகள் உள்ள கணினிகளிற் காட்ட வேண்டும். இதற்கான திரையை எந்த மென்கருவியால் அமைப்பீர்கள்?

முதலில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘நிகழ்நேரம் என்றால் மிக வேகம்’ என்று எழுதும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்துகிறேன். அது பிழை. குறித்த கால எல்லைக்குள் வருவிளைவு கிடைப்பதே நிகழ்நேரம். வாகனத்தின் காற்றுப்பைக்கு அந்த எல்லை மில்லிசெக்கன்களில். கடல்மட்டத்துக்குச் சில நிமிடம் போதும்.

இனிக் கருவிகள். 1986 இல் மக்கின்ரொஷ் கணினிக்கென வெளிவந்த லாப்வியூவில் வரிவரியாக எழுதத் தேவையில்லை. பெட்டிகளைக் கம்பிகளால் இணைப்பது போல வரைந்தே செய்நிரல் அமைக்கலாம். மானியும் வரைபும் ஆயத்தமாகவே கிடைக்கும். ஆனால் தொழில்முறைப் பாவனைக்கு உரிமக் கட்டணம் உண்டு. 1995 இல் வெளியான கியூட், சீ பிளஸ் பிளஸ் மொழிக்கானது. மூலநிரல் ஒன்றே, ஒவ்வொரு பணிசெயல் முறைமைக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த ஜாவாவில் ஒருமுறை தொகுத்த கோப்பு, ஜாவா மெய்நிகர் பொறி உள்ள எந்தக் கணினியிலும் ஓடும். எனினும் நினைவகத்தைத் துப்புரவு செய்ய அது இடையிடையே ஒரு கணம் நிற்கக்கூடும்.

அந்த ஒரு கணத்தில் அலை வந்தால்? பலர் கருவியை மாற்ற ஓடுவது இந்த இடத்தில்தான். மாற்ற வேண்டியது அமைப்பை. சாதாரண விண்டோஸோ லினக்ஸோகூட மில்லிசெக்கன் எல்லைக்கு உறுதி தராது. எனவே நேரம் தவறாது அளப்பதை உணரியோடு இணைந்த நுண்கட்டுப்படுத்தியிடம் விடுங்கள். அது ஒவ்வோர் அளவீட்டுக்கும் நேரமிட்டுத் தன் நினைவகத்திற் சேமித்து அனுப்பும். திரை ஒரு கணம் உறைந்தாலும் அளவீடு தொலையாது. பிந்தித் தோன்றும், அவ்வளவே. அதன் பின்னர் திரைக்கான கருவியைச் செலவையும், அதைப் பராமரிக்கப் போகிறவருக்குத் தெரிந்த மொழியையும் பார்த்தே தெரிவுசெய்யலாம். பார்ப்பது மட்டுமே தேவையெனில் இணைய உலாவியே போதும். எதையும் நிறுவ வேண்டியதில்லை.

பயிற்சி வினா: மின்தடையால் அலுவலகக் கணினி பத்து நிமிடம் நின்றுவிட்டது. அக்காலத்து அளவீடுகள் மீளக் கிடைப்பதற்கு நிலையத்தில் இருக்க வேண்டிய இரண்டு வசதிகளைக் காரணத்துடன் எழுதுக.