விளையாட்டாய்க் கற்கும் ஜெர்மன் மொழி

அயல்நாட்டில் அடிவைக்கும் பிரயாணிக்கு அந்நாட்டு மொழியிற் பெரும்புலமை வேண்டுவதில்லை. சீட்டு வாங்கவும், வழி வினவவும், விலை அறியவும், வண்டி புறப்படும் நேரத்தைக் கேட்டுணரவும் சில நூறு சொற்களே அமையும். ஆயினும் அச்சொற்கள் ஏட்டிற் கிடந்து பயனில்லை. சீட்டு விற்பவர் வினவிய அக்கணமே விடை நாவில் எழல் வேண்டும். பின்னே காத்து நிற்கும் வரிசை, இலக்கண விதியை நினைவுகூர நமக்கு அவகாசம் அளிக்குமோ? ஆதலின் தொடக்க நிலையிற் பயில்வோர்க்கு முதற்கண் வேண்டுவது விரைவேயாகும்; அவ்விரைவை அளிக்க வல்லது விளையாட்டு. மேற்படிப்பின் பொருட்டு ஜெர்மனி செல்லும் இந்திய மாணவர் இந்நாளிற் பலராதலின், ஐந்தைந்து நிமிஷங்களில் ஆடி முடிக்கத்தக்க நான்கு விளையாட்டுக்களை ஈண்டு விளக்குவாம்.

முதலாவது எண் விளையாட்டு. நாம் நாற்பத்திரண்டு என்று பத்தினை முன்னும் ஒன்றினைப் பின்னும் கூறுகிறோம். ஜெர்மானியரோ ‘ட்ஸ்வை உன்ட் ஃபிர்ட்ஸிஹ்’, அஃதாவது ‘இரண்டும் நாற்பதும்’ என்பர். கேட்ட முறையே எழுதுவோன் 42-ஐ 24 ஆக்கி, வேறொரு பேருந்தில் ஏறி, வேறோர் ஊர்ப்புறத்தில் இறங்குவான். இதனைத் தவிர்க்க, 21 முதல் 99 வரையுள்ள எண்களைச் சீட்டுக்களில் எழுதிக் குலுக்குக. ஒருவர் ஒன்றை எடுத்து ஜெர்மன் மொழியிற் படிக்க, மற்றையோர் மூன்று எண்ணுவதற்குள் இலக்கத்தில் எழுதுக. சொல் முழுதும் முடியுமுன் எழுதுகோல் தாளைத் தொடலாகாது என்பதே ஆட்டத்தின் விதி. இரண்டைக் குறிக்கும் ‘ட்ஸ்வை’யும் மூன்றைக் குறிக்கும் ‘ட்ரை’யும் செவிக்கு ஒத்தொலிப்பவை. அதனாலன்றோ ஜெர்மானியர் தாமே தொலைபேசியில் இரண்டைச் சிலபோது ‘ட்ஸ்வோ’ என்று மாற்றி உரைப்பர்!

இரண்டாவது கடிகார விளையாட்டு. ‘ஹல்ப் அஹ்ட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அரை எட்டு’ என்றாகும். ஆங்கிலம் பயின்றார் இதனை எட்டரை மணி என்று கொள்ளுதல் இயல்பு. உண்மையில் இஃது ஏழரை மணியையே குறிக்கும். எட்டாம் மணியை நோக்கிப் பாதி கடந்தது என்பது ஜெர்மானியர் கணக்கு. இதனை உணராதவன் நிலையத்தை அடையும்போது அவன் ஏறவேண்டிய வண்டி ஒரு மணி நேரத்திற்கு முன்னரே சென்றிருக்கும். அட்டையிற் கடிகாரம் ஒன்று செய்து, ஒருவர் நேரத்தைக் கூற, மற்றவர் முள்ளைத் திருப்புக. புகைவண்டி நிலையங்களில் 24 மணிக் கணக்கே வழங்குதலின், ஒருவர் ‘19 மணி 30’ என்று நிலைய வழக்கிற் கூற, எதிரே நிற்பவர் அதனையே வீட்டு வழக்கில் ‘ஹல்ப் அஹ்ட்’ என்று மாற்றிக் கூறுதலும் நன்று.

மூன்றாவது அறிவிப்புப் பலகை விளையாட்டு. இதில் மொழிபெயர்ப்பு விலக்கு, செய்கையே விடை. ‘ட்ஸீயென்’ என்ற அட்டையைக் கண்டால் இழுக்க வேண்டும்; ‘ட்ரூக்கென்’ எனில் தள்ள வேண்டும். ‘டாமென்’ என்பது மகளிர்க்குரிய கதவு. அதன் ஈற்றெழுத்துக்களில் ஆங்கிலச் சொல்லைக் கண்டு ஆடவர் உள்ளே புகுதல் தகாது, அவர்க்குரியது ‘ஹெரென்’. ‘கிஃப்ட்’ என்று புட்டியின்மேல் எழுதியிருப்பின் அது பரிசன்று, நஞ்சு! ‘என்ட்வேர்ட்டென்’ என்பது சீட்டை முத்திரையிடும் பெட்டியின்மேற் காணப்படும் சொல். பெர்லின், மியூனிக் முதலிய நகரங்களிற் காகிதச் சீட்டுக்கள் பலவற்றைப் பிரயாணம் தொடங்குமுன் அப்பெட்டியில் இட்டெடுத்தல் வேண்டும். இடாதவன் சீட்டில்லாதவனாகவே கருதப்படுவான். அதற்குரிய தண்டம் 2015-ஆம் ஆண்டில் 40 யூரோவினின்று 60 யூரோவாக உயர்த்தப்பட்டது. ஒரு சொல்லின் அறியாமைக்கு இது பெருவிலையன்றோ?

நான்காவது ஜெர்மானியச் சிறுவரே ஆடுவது. ‘இஹ் பக்கெ மைனென் கொஃபர்’, அஃதாவது ‘என் பெட்டியை அடுக்குகிறேன்’ என்பது அதன் பெயர். முதல்வர் ஒரு பொருளைக் கூறுவார், அடுத்தவர் அதனையும் கூறித் தாம் ஒன்று சேர்ப்பார், இங்ஙனம் நிரல் நீளும், விட்டவர் தோற்றவர். ஜெர்மன் மொழியிற் பெயர்ச்சொற்கள் மூன்று பாலாய்ப் பிரிந்து, உயிரில்லாப் பொருள்களும் ஆண், பெண் என நிற்பது நமக்குப் புதுமை. இவ்வாட்டத்திலோ ‘ஐனென் மன்டெல்’ (ஒரு மேலங்கி), ‘ஐனெ கார்டெ’ (ஒரு நிலப்படம்), ‘ஐன் பூஹ்’ (ஒரு புத்தகம்) எனப் பாலுக்கேற்ற அடைமொழி பொருளோடு ஒட்டியே மனத்திற் பதிந்துவிடும். கடையிற் பொருள் கேட்கும்போதும் இதே உருவங்களே வேண்டப்படும்.

தமிழர்க்கு எளியனவும் சில உண்டு. நீ, நீங்கள் என்னும் வேறுபாடு ‘டூ’, ‘ஸீ’ என அங்கும் உளது. ‘பெர்லினுக்குச் செல்ல விரும்புகிறேன்’ என்னும் வாக்கியத்தில் ‘செல்ல’ என்னும் வினை அவர் மொழியில் இறுதிக்கண் நிற்கும். வினையை இறுதியில் வைத்துப் பழகிய நமக்கு இஃது அத்துணை அயலாகத் தோன்றாது.

விளையாட்டு எத்துணை இனிதாயினும் ஒரே நாளில் நெடுநேரம் ஆடுதலாற் பயன் சிறிது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்குட்படுத்தி, கற்றது முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் மறந்துபோவதையும், பல நாட்களிற் பகுத்துப் பயில்வதே சிறந்ததென்பதையும் 1885-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆதலின் ஞாயிறன்று ஒரு மணி நேரத்தினும் நாள்தோறும் பத்து நிமிஷம் மேலானது. தவறிய சீட்டுக்களை மறுநாளே எடுத்தாடுக. தவறாதவற்றைச் சின்னாள் கழித்து எடுத்தாடுக.

பிழைபடுதற்கு நாணுபவன் மொழி கல்லான். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியிற் கரையிறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். பத்தாண்டில் அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் நம் சிறாரிடம் கற்க நாணவில்லை. அவர் நாட்டுச் சிறாரின் ஆட்டத்தை ஆட நாமும் நாணவேண்டுவதில்லை. நண்பர் மூவரும், ஒரு கட்டுச் சீட்டும், மாலையிற் பத்து நிமிஷமும் இருப்பின் இன்றே தொடங்கலாம்.