கல்யாண முருங்கையின் உறவுக்காரர்கள்

கல்யாண முருங்கை இலையை அடைமாவோடு சேர்த்து அரைப்பவர்களுக்கும், மிளகுக்கொடி ஏற அதன் போத்தை நடுபவர்களுக்கும் அந்த மரம் நெடுநாள் பழக்கம். அதன் சொந்தபந்தம்தான் பலருக்குத் தெரியாது. சாம்பாரில் போடும் முருங்கைக்கு இது உறவே இல்லை. ஒரு காம்பில் மும்மூன்றாக நிற்கும் இலையைப் பார்த்தாலே போதும்: இது அவரை, தட்டைப்பயறு வகையறா.

தாவரவியலில் இந்தப் பேரினத்துக்கு எரித்ரினா என்று பெயர். ஏறத்தாழ 120 இனங்கள். பாதிக்கும் மேல் அமெரிக்கக் கண்டங்களில் வளர்கின்றன, அடுத்த பெரும்பங்கு ஆப்பிரிக்காவில். ஆசியா முதல் பசிபிக் தீவுகள் வரை ஒரு டஜன்தான்.

பயறுக் குடும்பத்தில் பெரும்பாலான பூக்கள் தேனீக்களை நம்பியிருக்க, எரித்ரினா முழுக்கப் பறவைகளை நம்பியது. நம் கல்யாண முருங்கைப் பூ அகல விரிந்து, மகரந்தத் தாள்களை வெளியே நீட்டும். மைனாவும் காகமும் கரிச்சானும் கிளையில் உட்கார்ந்தே தேன் குடிக்கலாம். அமெரிக்க இனங்கள் பலவற்றில் இதழ் குழலாகச் சுருண்டிருக்கும், உட்கார இடமிராது. அந்தரத்தில் நின்றபடி நீண்ட அலகை நுழைக்கும் ஹம்மிங் பறவைக்கான பூ அது. தேனின் சர்க்கரை வகையும் இரண்டிலும் வேறு.

குழல் பூக்காரர்கள் எல்லாரும் ஒரே கிளையில் பிறந்தவர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. 1997-இல் தாவரவியலாளர் ஆன் புரூனோ வெளியிட்ட ஆய்வின்படி, உட்கார்ந்து குடிக்கும் பறவைகளுக்கான பூவே ஆதி வடிவம். குழல் பூ தனித்தனியாகக் குறைந்தது நான்கு முறை உருவாகியிருக்கிறது. ஆகவே பூவின் சாயலை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தில் உறவு சொல்ல முடியாது. இந்தப் பேரினத்தின் கதையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

சில இனங்களைப் பரப்பியது கடல். கல்யாண முருங்கையின் விதை உப்புநீரில் மிதக்கும். இந்தியக் கரையிலிருந்து பாலினீசியா வரை அந்த மரம் இருக்கிறது. எரித்ரினா ஃபுஸ்கா என்ற இன்னொரு மிதவை விதைக்காரன், அமெரிக்காவிலும் ஆசியாவிலும் இயற்கையாகவே வளர்கிறது. ஹவாய்த் தீவுகளுக்கு வந்து தனி இனமாகவே மாறிவிட்டது விலிவிலி மரம்.

உறவு இருந்தால் நோயும் பொது. எரித்ரினா இலைகளை முண்டு முண்டாக வீங்கவைக்கும் ஒரு நுண்குளவிக்கு 2004-இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். மறு ஆண்டே அது ஹவாயில் விலிவிலியைச் சூறையாடியது. தென்னிந்தியக் கல்யாண முருங்கைகளையும் பிடித்தது. பரிகாரத்தை ஆப்பிரிக்க எரித்ரினாக்களில் தேடினார்கள். தான்சானியாவில் கிடைத்த ஓர் ஒட்டுண்ணிக் குளவி 2008-இல் ஹவாயில் விடப்பட்டது. விலிவிலி மீண்டும் தளிர்த்தது. பூவிலும் பிஞ்சுக் காயிலும் மட்டும் சேதம் இன்னும் முழுதாக நிற்கவில்லை.